ஒரு பொட்டு வெளிச்சம்

நேற்று வேலை முடிந்து வந்து, ஜிக் பெட்டியைச் சமையலறை மேசையில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். ஜிக் என்பது தூண்டில் முள்ளோடு வரும், நிறம் பூசிய சின்னச் செயற்கை இரை. மொத்தம் 117. இந்தக் குளிர்காலத்தில் அவற்றில் தண்ணீரைக் கண்டவை 9. மிச்சமெல்லாம் கடையில் தொங்கும்போது என் கண்ணுக்கு வடிவாகத் தெரிந்தவை. மீனின் கண்ணை நினைத்து வாங்கியவை இல்லை.

போன கிழமை ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணை, முதல்முறையா ஐஸ் பிஷிங் போகப்போறன். என்ன கலர் ஜிக் வாங்கட்டும்? இருட்டில ஒளிர்றது நல்லமோ?" உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் விடுவதைத்தான் சொல்கிறார். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு வரியில் அடங்கவில்லை.

நிறம்தான் என் தொழில். ஒன்ராறியோவின் பாரி நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 11 வருடமாகப் பெயின்ற் கலக்குகிறேன். சுவரில் பெயர்த்த ஒரு துண்டைக் கொண்டுவந்து "இதே நிறம் வேண்டும்" என்பார்கள். கருவியில் வைத்துப் பார்த்து, சாயத்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு, குலுக்கி, மூடியில் ஒரு விரல் தடவிக் காயவைத்துக் கொடுப்பேன். கடையின் குழாய் விளக்கில் அச்சொட்டாக ஒன்றாக இருந்த இரண்டு சாம்பல் நிறங்கள், வீட்டுக் குளியலறையின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அடுத்த நாள் பேணியோடு திரும்பி வருவார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: எந்த அறை, யன்னல் எந்தப் பக்கம்? நிறம் பொருளில் பாதி, அதன்மேல் விழும் வெளிச்சத்தில் பாதி. இதைக் கடையில் தினமும் சொல்லிக்கொண்டிருந்த நான், ஏரிக்குப் போனால் மறந்துவிடுவேன். நான்கு குளிர்காலம் அப்படிப் போனது.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ட் குடா. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். குளிர்காலத்தில் உறைந்த ஏரி முழுக்க மீன் பிடிப்பவர்களின் கொட்டில்கள் முளைத்துவிடும். மீன் என்றால் கரையோரம் பேர்ச், குடாவின் ஆழத்தில் வைட்ஃபிஷ், லேக் ட்ரவுட். இரவில் லிங். குடாவின் ஆழமான இடம் 40 மீற்றரைத் தாண்டும். 3 மீற்றர் தண்ணீருக்கும் 30 மீற்றர் தண்ணீருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஜிக் எடுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே பெயின்ற்றை வெயில் விழும் முற்றத்துக்கும் யன்னல் இல்லாத நிலக்கீழ் அறைக்கும் அடிப்பது போல.

தண்ணீரைத் தேத்தண்ணி வடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடியில் முதலில் பிடிபடுவது சிவப்பு. மிகச் சுத்தமான தண்ணீரிலேயே 10 மீற்றர் போவதற்குள் சிவப்பு வெளிச்சத்தில் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான் மிஞ்சும். 20 மீற்றரில் இருக்கும் சிவப்பு ஜிக் சிவப்பாக இருக்காது. கரிச்சட்டி நிறத்தில் ஒரு உருவம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு செம்மஞ்சள், மஞ்சள். கடைசிவரை இறங்குவது பச்சையும் நீலமும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். 1990களில் சீப்ரா மட்டி வந்து சிம்கோவின் தண்ணீரை வடிகட்டத் தொடங்கிய பிறகு ஏரி நன்றாகத் தெளிந்துவிட்டது. இங்கே நீலமும் பச்சையும் ஆழம்வரை போகும். இன்னும் வடக்கே மஸ்கோகா பக்கம் போனால், சாயத்தண்ணி போலப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன ஏரிகள். காட்டு இலைச்சாறு ஊறிய தண்ணீர். அது நீலத்தை முதலில் விழுங்கிவிடும். மிஞ்சுவது மஞ்சளும் செம்மஞ்சளும். சிம்கோவில் எனக்குச் சோறு போட்ட நீலவெள்ளி ஜிக் அங்கே ஒரு நாள் முழுக்கச் சும்மா தொங்கியது. பக்கத்தில் இருந்தவர் பொன்னிறத்தில் ஒன்றைப் போட்டு ஒவ்வொன்றாக இழுத்தார்.

அடுத்தது தலைக்கு மேல் இருக்கும் கூரை. டிசம்பர் கடைசியில், காற்றில்லாத இரவுகளில் உறைந்த கறுப்பு ஐஸ் கண்ணாடி மாதிரி. குனிந்து பார்த்தால் கரையோரத்தில் அடிக் கல் தெரியும். வெளிச்சம் தாராளமாக உள்ளே போகும். அதன்மேல் ஒரு சாண் பனி விழுந்துவிட்டதோ, கதையே மாறிவிடும். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சியதையும் பனியும் ஐஸும் தண்ணீரும் மாறிமாறித் தின்னும். மேலே எங்களுக்குக் கண் கூசும் மத்தியானம். கீழே மீனுக்குப் பொழுதுபட்ட நேரம். அதே இடம், அதே ஆழம், அதே மணிக்கு முந்தைய கிழமை ஓடிவந்து கடித்த நிறத்தை இந்தக் கிழமை மீன் ஏறிட்டும் பார்க்காது. மீனில் பிழையில்லை. அறையின் யன்னலை யாரோ மூடிவிட்டார்கள்.

கறுப்பு ஐஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 10 சென்ரிமீற்றர் தெளிந்த ஐஸ் இல்லாமல் நான் கால் வைப்பதில்லை. பனி ஊறி உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கான ஐஸ் குத்தி கழுத்தில் தொங்காமல் மகளை ஏரியில் இறக்குவதும் இல்லை. சரி, இனி நிறத்துக்கு வருகிறேன்.

பேர்ச் மீனின் கண்ணில் பகல் பார்வைக்கு இரண்டு வகைக் கூம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒன்று பச்சையை நன்றாக வாங்கும், மற்றது செம்மஞ்சளையும் சிவப்பையும். அதனால்தான் 4 மீற்றர் தண்ணீரில், வெளிச்சம் இருக்கும்போது, செம்மஞ்சள் பொட்டு வைத்த பொன்னிற ஜிக்கைப் பேர்ச் தேடிவந்து கடிக்கிறது. வெளிச்சம் குறையக் குறையக் கூம்புக் கலங்கள் ஓய்ந்து, கோல் கலங்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கோல் கலத்துக்கு நிறமே தெரியாது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு விருப்பம் உண்டு. பல நன்னீர் மீன்களின் கோல் கலங்கள் மிக இலகுவாக வாங்குவது ஏறத்தாழ 520, 530 நானோமீற்றர் பக்கம் இருக்கும் பச்சை வெளிச்சத்தை. இப்போது ஒளிரும் பெயின்ற்றுக்கு வாருங்கள். கடையில் விற்கும் பச்சை ஒளிர்வு பெரும்பாலும் 520 நானோமீற்றர் அளவில்தான் எரியும். பெயின்ற் செய்தவர்கள் மீனை நினைத்துச் செய்யவில்லை. மணிக்கூட்டு முள்ளுக்கும் அவசர வழிப் பலகைக்கும் செய்தார்கள். அது மீனுக்குப் பொருந்திப் போனதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் குழம்புவது ஒரு இடத்தில். ஒளிரும் பெயின்ற் வேறு, புளோரசன்ற் பெயின்ற் வேறு. யூவி, அதாவது புற ஊதா என்று போட்டு விற்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். புளோரசன்ற் நிறம் தன்மேல் விழும் நீலம், பச்சை, யூவி வெளிச்சத்தை வாங்கி, அந்தக் கணமே தன் நிறமாக மாற்றித் தரும். அதனால் புளோரசன்ற் செம்மஞ்சள், சாதாரணச் செம்மஞ்சள் செத்துப்போகும் ஆழத்திலும் செம்மஞ்சளாகவே நிற்கும். பச்சை வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்வரை அதற்குச் சாப்பாடு உண்டு. வெளிச்சம் நின்றால் அதுவும் அந்தக் கணமே நின்றுவிடும். ஒளிரும் பெயின்ற் அப்படியில்லை. அது வெளிச்சத்தைச் சேமித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் "ஒளிரும்" என்று எழுதி வைத்திருந்த ஜிக்குகள் ஆறு வாங்கினேன். கொட்டிலில் டோர்ச் அடித்து இருட்டில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆறும் வெறும் புளோரசன்ற். அன்றிலிருந்து கடையில் வைத்தே பார்க்கிறேன்: ஜிக்கை டோர்ச்சுக்குக் கிட்டப் பத்து எண்ணும்வரை பிடித்து, உள்ளங்கை இரண்டையும் கிண்ணமாகக் குவித்து அதற்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது. பச்சையாகத் தெரிந்தால் உண்மை. பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஒளிரும் பெயின்ற்றிலும் பழையது, புதியது என்று உண்டு. முன்பு சிங்க் சல்பைட்டில் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்றில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்து ஒரு தூளைக் கொண்டுவந்தது. அது பழையதைவிடப் பல மடங்கு பிரகாசம், இரவு முழுக்க எரியும். இன்று நல்ல ஜிக்குகளில் இருப்பது இந்த வகைதான். பச்சை, நீலப்பச்சை இரண்டும் நீண்டநேரம் நிற்கும். சிவப்பு ஒளிர்வு கெதியில் அணைந்துவிடும். ஆழத்தில் சிவப்பு வேறு நிற்காது. என்னைக் கேட்டால் சிவப்பு ஒளிர்வுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இந்தத் தூள் வெளிச்சத்தை எப்படிச் சேமிக்கிறது என்று மகள் கேட்டாள். அவளுக்கு 12 வயது. வெளிச்சம் பட்டதும் இலத்திரன்கள் மேலே ஏறி, அங்கங்கே இருக்கும் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்ளும் என்றும், அவை வெளியே வரும்போதுதான் ஒளி வரும் என்றும் சொன்னேன். "குழியிலிருந்து எப்படி வெளியே வரும், அப்பா?" என்றாள். சூடுதான் தள்ளிவிடும் என்றேன். உடனே அவள், "அப்ப ஏரியில சரியான குளிரல்லோ?" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான்கு வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி.

அன்றிரவே பார்த்துவிட்டோம். ஒரே மாதிரி இரண்டு ஜிக். இரண்டுக்கும் ஒரே யூவி டோர்ச், ஒரே தூரம், முப்பது எண்ணும்வரை. ஒன்றை ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீர்க் கிளாசிலும் மற்றதைக் கை பொறுக்கும் சுடுதண்ணீர்க் கிளாசிலும் போட்டு, உடுப்பு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, நாங்களும் உள்ளே குந்திக்கொண்டோம். சுடுதண்ணீரில் இருந்தது விளக்குப் போலத் தெரிந்தது. ஐஸ் தண்ணீரில் இருந்தது கண்ணுக்குப் பழகிய பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, சுடுதண்ணீர்க்காரன் நன்றாக இளைத்திருந்தான். ஐஸ்காரன் அவ்வளவாக மாறவில்லை. அப்புறம் மகள் குளிர்ந்த ஜிக்கை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டாள். கிளாசுக்குள் விழுந்த கொஞ்ச நேரத்தில் அது பளிச்சென்று எழும்பியது. அவள் போட்ட சத்தத்தில் மனைவி படியேறி வந்து அலுமாரிக் கதவைத் திறந்தாள்.

ஏரியின் அடித்தண்ணீர் குளிர்காலத்தில் 4 பாகைக்குக் கிட்ட இருக்கும். ஐஸை ஒட்டிய மேல்தண்ணீர் பூச்சியம். ஆக, கையில் பிடித்துப் பார்க்கும் பிரகாசம் கீழே போகும்போது அப்படியே இருக்காது. கொஞ்சம் அடங்கும், ஆனால் கூட நேரம் நிற்கும். ஒளிர்வு தேயும் விதத்திலும் ஒரு குணம் உண்டு. முதல் சில நிமிடத்தில் தடதடவென்று இறங்கும், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சம்பளத்தைப் பற்றிச் சொல்வது போல.

இனி, என் எண்ணத்தை மாற்றிய நாளைச் சொல்கிறேன்.

போன வருடம் பெப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை. காலையில் மைனஸ் 17. மனைவியின் தம்பி, மகள், நான், மூன்று பேர். குடாவின் வடகரைப் பக்கம், 22 மீற்றர் ஆழம். ஐஸின்மேல் அரையடிப் பனி. மச்சானுக்குத் துளைப்பது பிடிக்கும்; ஆறு துளை போட்டான். கண்ணகப்பையால் ஐஸ்கூழை வழித்தெடுத்துவிட்டுக் கூடாரத்தை விரித்தோம். நான் வெள்ளை உடம்பில் முழுக்க ஒளிரும் பெயின்ற் அடித்த 10 கிராம் ஜிக்கை எடுத்து, யூவி டோர்ச்சில் நன்றாக ஊட்டி இறக்கினேன்.

என்னிடம் இருப்பது வெக்ஸிலார் பிளாஷர், ஒலியை அனுப்பி எதிரொலியால் மீனைக் காட்டும் கருவி. வட்டத் திரையில் ஆழம் கோடுகளாகத் தெரியும். மெல்லிய எதிரொலி பச்சை, பலத்தது சிவப்பு. ஜிக் ஒரு மெல்லிய கோடு. அடியிலிருந்து ஒரு கோடு பிரிந்து மேலே வந்தால் மீன். இறக்கி ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று வந்தது. பச்சையாகத் தொடங்கி, செம்மஞ்சளாகி, சிவப்பாகத் தடித்து, ஜிக்குக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி அடியோடு கலந்துவிட்டது. திரும்ப ஊட்டி இறக்கினேன். இன்னொன்று வந்தது, அதே முழம், அதே இறக்கம். ஒரு மணித்தியாலத்தில் ஏழு தடவை. ஆட்டிப் பார்த்தேன், அசையாமல் பிடித்துப் பார்த்தேன், புழுவை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேலே இழுத்து இன்னும் பலமாக டோர்ச் அடித்தேன்.

"அத்தான், கோவிக்காதேங்கோ. உங்கட ஜிக் கார் லைட் மாதிரி எரியுது" என்றான் மச்சான்.

"அப்பிடியெண்டால் ஏன் எல்லாம் கிட்ட வருது?"

"வருகுது. பாத்திட்டுப் போகுது."

அந்தச் சொல் காதில் நின்றது. பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தடியைத் தாங்கியில் வைத்துவிட்டு, இடியப்பமும் சம்பலும் பிரித்து, பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலம் இருக்கும். ஜிக்கை யாரும் தொடவில்லை, ஊட்டவும் இல்லை. தடியின் நுனி ஒரு நூல் அளவு மேலே எழும்பியது. வைட்ஃபிஷ் கடிப்பது பல தடவை அப்படித்தான். கீழே இழுக்காது, ஜிக்கின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மேலே வரும். மகள்தான் கண்டாள். நான் இடியப்பக் கையோடு தடியைப் பிடித்தேன்.

நல்ல மீன். வெள்ளி உடம்பு, சின்ன வாய், மேல் உதட்டில் தூண்டில். ஜிக்கைக் கழற்றிக் கைக்குள் பொத்திப் பார்த்தேன். அணைந்துபோகவில்லை, ஆனால் மிச்சம் இருந்தது வெறும் மினுக்கம். கடிக்கும் நேரம் மீனுக்குப் பிடித்த வெளிச்சம் அது. நான் காலையிலிருந்து கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு.

திரும்பவும் அரை மணித்தியாலம் காத்திருக்க மனமில்லை. மகள் சொன்னாள், "அப்பா, எல்லாத்தையும் மறைச்சிட்டு பொட்டு மாதிரி ஒரு இடம் விடுவம்." கருவிப் பெட்டியில் கறுப்பு மின்சார ரேப் இருந்தது. அந்தக் குளிரில் அது ஒட்டாமல் தகரம் மாதிரி விறைத்திருந்தது. பிளாஸ்கின் உடம்பில் சுற்றிச் சூடாக்கி, சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, ஜிக்கின் வயிறு முழுக்கச் சுற்றினாள். ஒரு பக்கத்தில், தூண்டில் முள்ளுக்குக் கிட்ட, மிளகளவு இடம் விட்டாள். அவளுடைய அம்மம்மா வைக்கும் பொட்டின் அளவு.

பத்து எண்ணும்வரை டோர்ச். இறக்கினோம். முதலில் வந்த மீன் அதே இடத்தில் நின்றது. நான் மூச்சுப் பிடித்துக்கொண்டேன். திரையில் இரண்டு கோடும் கிட்ட வந்து, ஒட்டி, ஒன்றாகின. மகளின் கையில் தடி. அன்று பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று பிடித்தோம்; இரண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். வைட்ஃபிஷ் சொதிக்கு எடுபடும், முள்தான் கொஞ்சம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

ஒரு நாளை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொப்பியில் எழுதி வருகிறேன்: ஆழம், பனியின் தடிப்பு, வானம், எத்தனை எண்ணும்வரை ஊட்டினேன், மீன் வந்ததா, வாய் வைத்ததா. மீனைக் கூப்பிடுவது ஒரு வேலை, கடிக்க வைப்பது இன்னொரு வேலை என்று பிரித்து எழுதத் தொடங்கியதிலிருந்துதான் எனக்கு ஒளிரும் ஜிக் விளங்கியது. கனத்த ஒளிர்வு தூரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும். கிட்ட வந்த பிறகு, பகலில், அது மீனுக்குக் கூடிப்போகிறது. அதனால் இப்போது பக்கத்துத் துளையில் ஒரு பெரிய ஒளிரும் கரண்டியை, அதாவது கரண்டி வடிவ உலோக இரையை, நன்றாக ஊட்டி, முள்ளில்லாமல் தொங்கவிடுகிறேன். என் கையில் இருப்பது பொட்டு மட்டும்.

இருட்டினால் இது அப்படியே மாறும். பொழுதுபட்ட பிறகு லிங் மீனுக்குப் போகும்போது ரேப்பெல்லாம் உரித்துவிடுவேன். லிங் அடியில் ஊர்ந்து திரியும் மீன். குளிர்காலத்தின் நடுவில், ஐஸுக்குக் கீழேயே முட்டையிடும். அதற்கு முழுப் பச்சை ஒளிர்வு, கனத்த கரண்டி, நிலத்தில் தொம் தொம் என்று தட்டிப் புழுதி எழுப்ப வேண்டும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் மேலே எடுத்து ஊட்ட வேண்டும். சோம்பல் பட்டால் கிடைக்காது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒன்ராறியோவில் மீனைக் கூட்டுவதற்கு விளக்கைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. தூண்டிலில் கட்டிய இரையின் பகுதியாக இருந்தால் சரி.

வெளிச்சம் போகும் அந்த இடைப்பட்ட அரை மணித்தியாலத்துக்கு நான் கறுப்புப் போடுவேன். கடையில் கறுப்பு ஜிக்கை யாரும் எடுப்பதில்லை, தூசி பிடித்துக் கிடக்கும். பேர்ச் கீழே நின்று மேலே பார்க்கும்போது, மங்கிய ஐஸ் கூரைக்கு எதிரில் மிகத் தெளிவாகத் தெரிவது கறுப்பு உருவம்தான்.

பெயின்ற்காரன் என்பதால் அடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். தேய்ந்த ஜிக்குகளுக்கு நானே அடிக்கிறேன். முதலில் வெள்ளை. இதை விட்டால் எல்லாம் வீண். ஒளிரும் தூள் பாதி வெளிச்சத்தைப் பின்பக்கம்தான் விடும். பின்னால் ஈய நிறமோ கறுப்போ இருந்தால் அது விழுங்கிவிடும், வெள்ளை இருந்தால் திருப்பித் தரும். ஒரே தூளை வெள்ளை அடித்த ஜிக்கிலும் அடிக்காத ஜிக்கிலும் பூசிப் பக்கத்தில் வைத்தால் நம்ப மாட்டீர்கள். தூளை அரைத்து மாவாக்காதீர்கள். மணி பெரிதாக இருந்தால்தான் பிரகாசம். முதல் தடவை நான் செய்த பிழை, கடையில் கையிருப்பில் இருந்த தண்ணீர்ப் பூச்சில் தூளைக் கலந்து வைத்ததுதான். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் தூள் கட்டிபட்டு மணல் மாதிரிக் கிடந்தது, ஒளிர்வும் போய்விட்டது. ஸ்ட்ரோன்சியம் அலுமினேற் தண்ணீரோடு சேர்ந்தால் பழுதாகிவிடும். எண்ணெய்ப் பூச்சோ, எபொக்சியோ, அவசரத்துக்கு நிறமில்லாத நகப்பூச்சோ பாவியுங்கள். மேலே இன்னொரு கோட் போட்டு மூடுங்கள். அதே காரணத்தால், பெயின்ற் வெடித்த ஜிக்கை அப்படியே பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். துடைத்துக் காயவைத்து வெடிப்பை அடைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு, இப்போது. நான்கு ஜிக் போதும். பொன்னிறத்தில் புளோரசன்ற் செம்மஞ்சள் பட்ட சின்ன டங்ஸ்டன் ஜிக் ஒன்று, கரையோரப் பேர்ச்சுக்கு. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம் கூடியது. சின்ன உருவத்தோடு கெதியில் இறங்கும். வெள்ளியில் நீலம் பட்ட 'ஸ்வீடிஷ் பிம்பிள்' கரண்டியோ 'வில்லியம்ஸ்' கரண்டியோ ஒன்று, கறுப்பு ஐஸ் நாட்களுக்கு. பச்சை ஒளிர்வு ஒன்று. கறுப்பு ஒன்று. மிச்சக் காசுக்கு ஒரு சின்ன யூவி டோர்ச்சும் ஒரு கறுப்பு ரேப்பும் வாங்குங்கள். தங்கூசி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த நூலில் எந்த நிறத்தைக் கட்டியும் பயனில்லை. பேர்ச்சுக்கு முழு மீன்பிடி அனுமதிச் சீட்டில் நாளொன்றுக்கு 50 வரை எடுக்கலாம் என்கிறார்கள். இருபது போதும், ஒரு குடும்பம் பொரித்துச் சாப்பிட.

நேற்றிரவு எண்ணி முடித்தபோது பதினொரு மணி. 117 ஐயும் பெட்டிக்குள் போடச் சோம்பலாக இருந்தது. மேசையில் பரத்தியபடியே விட்டு விளக்கை அணைத்தேன். மேசை முழுக்கப் பச்சையும் நீலமுமாக எழுந்து நின்றது. மகளை எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்து, பள்ளிக்கூட நாள் என்று விட்டுவிட்டேன்.

காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பியவன் விளக்கைப் போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கண் பழகும்வரை மேசைப் பக்கத்தில் நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அங்கொன்று இங்கொன்றாக ஆறு இடத்தில் மெல்லிய பச்சை. ஆறையும் தடவி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தபோது, அதில் ஒன்று கறுப்பு ரேப் சுற்றியது.